பிளாக்கியை வீட்டோடு சேர்த்துக் கேட்டார்கள்

கண்ணு,

இங்கே எல்லாரும் சுகம். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் செய்த இடம் ஆறிவிட்டது. பிளாக்கிக்குக் காதுப் புண் ஆறிவிட்டது. எனக்குத்தான் ஒன்று ஆறவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து செருப்பைக் கூடக் கழற்றவில்லை, பெங்களூரிலிருந்து உன் போன் வந்தது. "அம்மா, வீடு வாங்கறவங்க நாயையும் சேர்த்துக் கேக்கறாங்க. வச்சுக்குங்கன்னு நான் சொல்லிட்டேன்" என்றாய். நான் வாயைத் திறப்பதற்குள், "மீட்டிங் இருக்குதும்மா, வைக்கறேன்" என்று வைத்துவிட்டாய். அதனால் எழுதுகிறேன். கடிதத்தை நடுவில் வைக்க முடியாது. வைத்தாலும் மறுபடி எடுத்தால் விட்ட இடத்திலேயே நான் நிற்பேன். உனக்குத் தெரிந்த சங்கதியையும் சேர்த்தே எழுதப் போகிறேன், இதை வேறு யார் எடுத்துப் படித்தாலும் ஒரு பாதி தெரிந்து ஒரு பாதி தெரியாமல் இருக்க வேண்டாம். சபைப் பத்திரிகையில் போட்டாலும் எனக்கு வெட்கமில்லை.

முதலில் இந்த நாய் யாருடையது என்று பேசுவோம். பீளமேட்டில் நீ இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தாய். ஒரு நாள் சாயங்காலம் சட்டைக்குள் எதையோ ஒளித்துக்கொண்டு சைக்கிளில் வந்தாய். நானும் எதையாவது உடைத்துக்கொண்டு வந்துவிட்டாயோ, கையைக் கிய்யை முறித்துக்கொண்டாயோ என்று பதறி ஓடி வந்தேன். சட்டைக்குள்ளிருந்து கறுப்பாக ஒரு மூக்கு எட்டிப் பார்த்தது. ஹாஸ்டல் மெஸ்ஸுக்குப் பின்னால் கிடந்ததாம். "ரெண்டே நாளும்மா, ஒரு ஃப்ரெண்டு வந்து வாங்கிக்குவான்" என்றாய். அந்த ஃப்ரெண்டு இன்னும் வந்துகொண்டே இருக்கிறான். நீ படிப்பை முடித்தாய், பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாய், கல்யாணம் செய்தாய், ஃப்ளாட் வாங்கினாய். அந்த இரண்டு நாள் மட்டும் முடியவில்லை. நான் ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி முடித்துவிட்டு வந்து, கண்ணெல்லாம் எரிய எரிய அதற்குப் பால் ஊற்றினேன். உன் அப்பா மில் ஷிஃப்டு முடிந்து வருகையில் கசாப்புக் கடையில் எலும்பு கேட்டு வாங்கி வருவார். கூச்சப்படுகிற மனிதர், தனக்கென்று எந்தக் கடையிலும் ஒன்று கூடுதலாகக் கேட்கத் தெரியாது, நாய்க்காகக் கேட்டார். இது ஒன்றையும் நான் கணக்குச் சொல்ல எழுதவில்லை. கேட்டவர்களுக்கு எடுத்துக் கொடுக்கிற அளவுக்கு அது உன்னுடையதாக எப்போது இருந்தது என்று தெரிந்துகொள்ளத்தான் எழுதுகிறேன்.

வீட்டை விற்றுவிட்டு உன்னோடு வந்து இருங்கள் என்று நீ கூப்பிட்டபோது எனக்குச் சந்தோஷம்தான். அதை மறைக்க மாட்டேன். அப்பாவுக்கு மாடிப்படி ஏற முடியவில்லை, எனக்கும் முட்டி பிடித்துக்கொள்கிறது. பெற்ற பிள்ளை கூப்பிடுகிறான், போவோம் என்றுதான் இருந்தோம். அதற்கப்புறம் வாரா வாரம் போனில் உத்தரவு வர ஆரம்பித்தது. வாங்க வருகிறவர்களுக்கு நாய் பூனை இருந்த வீடு என்றே தெரியக் கூடாது. வாடை இருக்கக் கூடாது. முடி இருக்கக் கூடாது. கீறல் இருக்கக் கூடாது. "நமக்குப் பழகிப்போச்சும்மா, வெளிய இருந்து வர்றவங்களுக்குக் குப்புனு அடிக்கும்" என்றாய். ஏண்டா கண்ணு, நான் வேலை பார்த்தது எங்கே? மிஷன் ஆஸ்பத்திரி ஆபரேஷன் வார்டில். என் வார்டில் பெரிய டாக்டர் விரலால் ஜன்னல் கம்பியைத் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போவார். அப்படிப்பட்டவளுக்கு நீ போனில் பினாயில் பாடம் எடுத்தாய். கேட்டுக்கொண்டேன். அடுத்தவன் வீட்டு மருமகள் மாதிரி ஊம் ஊம் என்று கேட்டுக்கொண்டேன்.

சொன்னதையெல்லாம் செய்தும் முடித்தேன். வாடைக்குப் பினாயில் போதாது, அது வாடைக்கு மேல் இன்னொரு வாடையை ஏற்றும், அவ்வளவுதான். தரையைச் சலவைச் சோடா போட்ட வெந்நீரில் தேய்த்து, வினிகர் கலந்த தண்ணீரில் துடைத்து, எல்லா ஜன்னலையும் திறந்து போட்டுக் காயவிட வேண்டும். மெத்தையையும் சோபாத் திண்டையும் வெயிலில் போட்டு, இரண்டு பக்கமும் அடித்து எடுத்தேன். ஃபேன் இறக்கையில் நாய் முடி எப்படி ஏறுமோ ஆண்டவருக்குத்தான் வெளிச்சம், துணி துணியாக வந்தது. மினிப் பூனை நகம் தீட்டிய ரெக்சின் சோபாவைச் சுவரோரம் திருப்பிப் போட்டோம். பின் கதவின் அடியில் பிளாக்கி பிறாண்டிய இடத்தை அப்பா உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பெயின்ட் அடித்தார். கொசுவலைக் கதவை மாற்றினோம். முருங்கை மரத்தடியில் அது அசிங்கம் பண்ணுகிற இடத்தைக் கொத்திப் புது மண் போட்டோம். ஹால் மூலையில் அது படுக்கிற சாக்கை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு பூச்சாடியை வைத்தேன். இதில் எதற்கும் நான் வருத்தப்படவில்லை. வீட்டை ஒருவருக்குக் காட்டுவதற்கு முன்னால் சுத்தம் செய்துதான் காட்ட வேண்டும், அது மரியாதை.

அதோடு நிறுத்தியிருந்தால் உன்னோடு எனக்குப் பேச்சே இல்லை. ஒரு நாள், "அப்புறம்மா, ஹால்ல இருக்கற ஆண்டவர் படம், வசனக் காலண்டர், வாசக்கதவு மேல இருக்கற சிலுவை, அதையும் கழட்டி வச்சுருங்க. வீடு பொதுவா இருக்கட்டும்" என்றாய். எப்படிச் சொன்னாய் தெரியுமா? நாய்ச் சங்கிலியை எடுத்து வையுங்கள் என்று சொன்னதற்கும் இதற்கும் நடுவில் நீ மூச்சு விடவில்லை. பொதுவாக என்றால் என்ன கண்ணு? இந்த வீட்டில் யார் இருந்தார்கள் என்று தெரியாமல் இருப்பதா? பேய் இருந்த வீட்டுக்குத்தான் அப்படி மறைப்பார்கள். அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. ஸ்டூலைப் போட்டு ஏறிப் படத்தையும் சிலுவையையும் காலண்டரையும் கழற்றி, பழைய சேலையில் சுற்றி, பிளாக்கியின் அலுமினியத் தட்டோடு கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். படத்தின் ஆணி இருந்த ஓட்டையை அப்பா சுண்ணாம்பு வைத்து அடைத்தார். அடைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டே நின்றார், நகரவே இல்லை. அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டில் உப்பில்லை, இரண்டு பேருமே கேட்கவில்லை.

ஆள் வருகிற அன்றைக்கு மினியைப் பக்கத்து வீட்டு டீச்சரம்மாவிடம் கூடையில் வைத்துக் கொடுத்தேன். பிளாக்கியை மதுக்கரைக்கு அனுப்பினேன். உன் சித்தப்பா, அதுதான் என் தங்கச்சி வீட்டுக்காரர், விடியக்காலையில் மொபெட்டில் வந்து முன்னால் கால் வைக்கிற இடத்தில் அதை உட்கார வைத்துக்கொண்டு போனார். உக்கடம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் டீ குடிக்க நிறுத்தினாராம், அங்கே நின்ற பஸ் ஒவ்வொன்றையும் பார்த்துக் குரைத்திருக்கிறது. சாயங்காலம் வரைக்கும் அங்கேயே கட்டிப் போட்டிருக்கச் சொல்லித்தான் அனுப்பினேன்.

பத்து மணிக்கு வெள்ளைக் காரில் வந்தார்கள். வயதான ஒரு அம்மா, அவர் மகன், கூட நம் புரோக்கர். பல்லடம் பக்கம் தோட்டம் துரவு, இங்கே பட்டணத்தில் பேரன் பேத்தி படிக்க வீடு வேண்டுமாம். அந்த அம்மாவைப் பார்த்ததும் எனக்குப் பிடித்துப்போயிற்று, அதையும் சொல்லிவிடுகிறேன். "ஏனுங்க அம்மணி, நல்லா இருக்கறீங்களா? ஊட்டைக் கண்ணாடியாட்டம் வச்சிருக்கறீங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. "காப்பி போடறனுங்க" என்றேன். "போடுங்க, போடுங்க, குடிக்கலாம்" என்றார். நான் சமையலறைக்குள் போய் நல்ல பாலாகப் பார்த்துக் காய்ச்சினேன். உன் கல்யாணத்துக்கு வாங்கிய பீங்கான் கப்பை எடுத்துக் கழுவினேன்.

ஹாலில் பேசுவது எனக்கு நன்றாகக் கேட்டது. "உங்களுக்குச் சொந்த ஊரு எதுங்க?" என்று அந்த அம்மா கேட்டார். அப்பா ஊர்ப் பேரைச் சொன்னார். "அடடே, அங்க நம்ம சொந்தக்காரங்கெல்லாம் இருக்கறாங்களே. ஊருக்குள்ள நீங்க எந்த வீதிங்க?" உன் அப்பாவைத்தான் உனக்குத் தெரியுமே. பொய் சொல்லத் தெரியாது, பேச்சை மாற்றவும் தெரியாது. "நாங்க ஊருக்குள்ள இல்லீங்க. கெழக்கால, பள்ளத்துக்கு அந்தப் பக்கமுங்க" என்றார். அப்புறம் "ஓ, சரிங்க, சரிங்க" என்று ஒரு குரல் வந்தது. அவ்வளவுதான். நான் தட்டில் காப்பியோடு போய் நின்றேன். "ஐயோ, எதுக்குங்க அம்மணி சிரமம்? இப்பத்தான் குடிச்சுப்போட்டு வந்தோமுங்க" என்றார் அதே அம்மா, அதே சிரிப்போடு. மகன் வெளியே போய்க் காரிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து வந்து அம்மாவுக்குக் கொடுத்தார். என் வீட்டில் உட்கார்ந்து, என் கண் முன்னால், அவர்கள் வீட்டுத் தண்ணீரைக் குடித்தார்கள். ஒரு மரியாதைக் குறைவான வார்த்தை இல்லை. எல்லாம் வாங்க, போங்க, அம்மணி, சாமி. நம் பக்கத்தில் அடிக்கிற அடி கூட இப்படித்தான் பக்குவமாக விழும். காப்பியில் ஆடை படிந்தது. நான் தட்டைத் திருப்பி உள்ளே கொண்டுபோய் வைத்தேன்.

உள்ளே நான் நிற்பது தெரியாமல் பின்பக்கம் வீட்டைச் சுற்றிப் பார்த்துக்கொண்டே புரோக்கரிடம் பேசினார்கள். "அடுப்பு மேடையை இடிச்சுப்போட்டு வேற கட்டிக்கலாம். தண்ணித் தொட்டியைக் கழுவிப்போட்டு, பசுமாட்டைக் கொண்டாந்து கட்டி, கோமியம் தெளிச்சு ஒரு ஹோமம் பண்ணிப்போட்டா ஒண்ணுமில்லீங்க" என்றார் அந்த அம்மா. "அதெல்லாம் ஜம்முனு பண்ணிப்போடலாமுங்க" என்றார் புரோக்கர். முட்டி தேயத் தேய நான் சோடாப் போட்டுத் தேய்த்த தரை அது. ஒரு நாய் முடி இல்லாமல் துடைத்து வைத்திருந்தேன். கழுவுவதற்கு அங்கே மிச்சமிருந்தது நாயின் அழுக்கு இல்லை கண்ணு. நீயும் நானும் அப்பாவும் இருந்த அழுக்கு.

அப்படியும் அவர்களுக்கு மனசு முழுதாக ஒப்பவில்லை. இப்போது எங்கே பார்த்தாலும் வாஸ்துதானே. ஹாலுக்குத் திரும்பி வந்து, வடகிழக்கு மூலையைப் பார்த்து, "ஈசானிய மூலை கொஞ்சம் இடிக்குதுங்களே, யோசனையா இருக்குது" என்று அந்த அம்மா இழுத்தார். எனக்கு உள்ளுக்குள் நிம்மதி, இதோடு போய்விடுவார்கள் என்று. அந்த நேரத்தில்தான் வாசலில் மொபெட் சத்தம். பிளாக்கி அங்கே பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லையாம், ஊளையிட்டு ஊளையிட்டு லைன் வீட்டுக்காரர்கள் எல்லாரும் சண்டைக்கு வந்துவிட்டார்களாம். சித்தப்பா வேறு வழியில்லாமல் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார். வண்டி நிற்கவில்லை, அது குதித்து, கேட்டைத் தாண்டி, அந்த அம்மாவின் காலுக்கும் மகனின் காலுக்கும் நடுவில் நுழைந்து, நேராக அந்த மூலைக்குப் போயிற்று. அதன் சாக்கு அங்கேதானே இருக்கும். பூச்சாடியை ஒரு தள்ளு தள்ளி உடைத்துவிட்டு, இரண்டு சுற்றுச் சுற்றி, அப்பாடா என்று படுத்துவிட்டது.

நான் செத்தேன் என்று நினைத்தேன். அந்த அம்மா என்ன செய்தார் தெரியுமா? இரண்டு கையையும் கூப்பினார். கண்ணில் தண்ணீர். "டேய், பாத்தியாடா. கருகருனு வைரவரு. சிவன் கோயில்ல ஈசானிய மூலைலதான அவரு நிப்பாரு? நான் யோசனையா இருக்குதுன்னு சொன்னதும் வந்து படுத்துட்டாரு பாரு. இனி என்ன வேணும், இந்த ஊடுதான்" என்று மகனிடம் சொன்னார். அவர் நம்பிக்கையை நான் பழிக்கவில்லை. நாய் வைரவருடைய வாகனமாம், அவருக்கு அவர் சாமி. ஆனால் அப்புறம் நடந்ததைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. அந்த வயதில் சிரமப்பட்டுத் தரையில் உட்கார்ந்து, பிளாக்கியின் தலையைத் தடவினார். பையிலிருந்து பிஸ்கெட்டை எடுத்து அதன் வாயில் கொடுத்தார். அது கையை நக்கியது, சொதசொதவென்று, அதற்குத் தெரிந்த மாதிரி. அவர் அந்தக் கையைத் துடைத்துக்கொள்ளவே இல்லை. என் காப்பிக் கப்பைத் தொடாத கை அது. எழுந்து போகும்போது, "நாயை மட்டும் கூட்டிக்கிட்டுப் போயிறாதீங்க சாமி, ஊட்டோட அதுவும் இருக்கட்டும்" என்று அப்பாவிடம் சொன்னார். அப்பா, "பாக்கலாமுங்க" என்றார். அதற்கு மேல் அவருக்கு வராது.

என் அம்மாவைப் பற்றி நான் உன்னிடம் அதிகம் பேசியதில்லை. பேசினால் நீ கூச்சப்படுவாய் என்று விட்டுவிட்டேன். அவள் தோட்டத்து வேலைக்குப் போனவள். நானும் சின்னப் பிள்ளையாகக் கூடப் போயிருக்கிறேன். அந்தத் தோட்டத்துக்காரர் வீட்டு நாய் வாசல் தாண்டி, ஆசாரம் என்கிற முன்கூடம் தாண்டி உள்ளே போகும், வரும். அம்மா வெளி வாசலில் நின்று கூலி கேட்டுக் குரல் கொடுப்பாள். கையேந்தினால் தண்ணீரை உயரத்திலிருந்து ஊற்றுவார்கள். நாய்க்கு அங்கே ஒரு வட்டில் இருந்தது, அம்மாவுக்கு இல்லை. அவள்தான் என்னை மிஷன் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டாள். நான் நர்ஸானேன், எத்தனையோ பெரிய வீட்டு மனுஷாளுக்குப் புண் கழுவிக் கட்டுப் போட்டேன், இந்த வீட்டைக் கட்டினோம். எல்லாம் தாண்டி வந்துவிட்டோம் என்றுதான் நினைத்திருந்தேன். எங்கே தாண்டினோம்? அதே நாய் உள்ளே வருகிறது, நான் அதே இடத்தில் தட்டோடு நிற்கிறேன். இந்த முறை வீடு என்னுடையது, நாயும் என்னுடையது. வித்தியாசம் அவ்வளவுதான்.

அவர்கள் புரோக்கரிடம் உன் நம்பரை வாங்கி உனக்குப் போன் செய்திருக்கிறார்கள். நீயும் ஒரு வார்த்தை எங்களைக் கேட்காமல் சரி என்றுவிட்டாய். மறுநாள் சாயங்காலம் மறுபடி போன் செய்தாயே, அப்போது காப்பி நடந்ததை உன்னிடம் சொன்னேன். நீ சிரித்தாய். "அவங்கெல்லாம் பழங்காலத்து ஆளுங்கம்மா. நமக்கென்ன, ஊடு வித்தாச் சரி. பிளாக்கிக்கும் தோட்டமும் காருமா ராஜ வாழ்க்கை" என்றாய். பழங்காலத்து ஆட்கள் என்றால் பழங்காலத்தோடு போயிருக்க வேண்டும் கண்ணு. அவர்கள் போன வாரம் என் சோபாவில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த மகனுக்கு உன் வயதுதான் இருக்கும், உன்னைப் போல இன்ஜினியரிங் படித்தவர். நமக்கென்ன என்று நீ சொன்னாய் பார், அதுதான் என்னைச் சுட்டது. கப்பைத் தொடாதவர்களை நான் இதற்கு முன் பார்க்காதவள் இல்லை. பெற்ற பிள்ளை அதைக் கேட்டுச் சிரித்து இப்போதுதான் பார்க்கிறேன்.

நாளைக்கு நீயும் உன் ஃப்ளாட்டை விற்பாய், வேறு வாங்குவாய். அதனால் இதைக் கேட்டு வைத்துக்கொள். அழுக்கைக் கழுவு, வாடையைப் போக்கு, முடியைப் பொறுக்கு, உடைந்ததைச் சரி பண்ணு. நாய் இருக்கிறது என்றால் இருக்கிறது என்று சொல். நாயைக் கண்டு பயப்படுகிறவர் வந்தால் அந்த நேரத்துக்குக் கட்டிப் போடு, அது மனுஷ தர்மம். வீட்டை வாங்குகிறவருக்கு வீட்டைப் பற்றித் தெரிந்துகொள்ள எல்லா உரிமையும் உண்டு. நீ யார் என்பதைச் சேலையில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுத்தான் அவருக்குக் கதவைத் திறக்க வேண்டுமென்றால், அந்தக் கதவைத் திறக்காதே. நீ சொன்னாய் என்று நான் தள்ளினேன். தள்ளியும் என்ன பிரயோஜனம்? எந்த வீதி என்று ஒரே ஒரு கேள்வி, எல்லாம் வெளியே வந்துவிட்டது.

இந்தப் புதன்கிழமை நாள் நன்றாக இருக்கிறது என்று அந்த மகன் புரோக்கரோடு வந்தார். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், அட்வான்ஸ். கூடவே பிளாக்கிக்குப் புதுச் சங்கிலி, அதில் வெண்கல மணி. அம்மா காரிலேயே உட்கார்ந்திருந்தார். நான் வாங்க என்று உட்கார வைத்து, உள்ளே போய்க் காப்பி போட்டு எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தேன். "மொதல்ல காப்பி குடிங்க தம்பி. அப்புறம் பேசிக்கலாமுங்க" என்றேன். அவர் கப்பைப் பார்த்தார். புரோக்கரைப் பார்த்தார். ஜன்னல் வழியாகக் காரைப் பார்த்தார். பாவம், கெட்ட பிள்ளை இல்லை, கை கொஞ்சம் முன்னால் வரத்தான் செய்தது. கார் பக்கம் இன்னொரு தரம் பார்த்துவிட்டுப் பின்னால் இழுத்துக்கொண்டார். "இன்னைக்கு வெரதமுங்க" என்றார்.

"அப்பச் சரிங்க. வெரதம் முடிச்சுப்போட்டு என்னைக்கு இந்த ஊட்டுல காப்பி குடிக்க முடியுமோ அன்னைக்கு வாங்க, ஊட்டைப் பத்திப் பேசலாம். நாயைப் பத்தி எப்பவும் பேச்சில்லீங்க" என்றேன்.

"உங்க பையன் வாக்குக் குடுத்துட்டாருங்களே" என்றார் புரோக்கர்.

"அவன் குடுத்த வாக்கு அவன் ஃப்ளாட்டுல செல்லுமுங்க. பத்திரம் எங்க ரெண்டு பேர் பேருல இருக்குது" என்றேன்.

புரோக்கர் உன் அப்பாவைப் பிடித்துக்கொண்டார். "ஏனுங்க, நீங்களாவது சொல்லுங்க. கையில வந்ததை உட்டுப்போட்டா அப்புறம் கெடைக்காதுங்க." நானும் பயந்துதான் பார்த்தேன். இந்த மனிதர் ஆயுசில் யாருக்கும் முடியாது என்று சொன்னதில்லையே. அப்பா எழுந்து உள்ளே போனார். சுத்தியலும் ஆணியும் கொண்டு வந்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு, கண் ஆபரேஷன் ஆன மனிதர், நான் பிடிக்கப் போனதற்கும் வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு ஏறினார். அடைத்து வைத்த அதே ஓட்டைக்குப் பக்கத்தில் ஆணியை வைத்து அடித்தார். வந்தவர்கள் உட்கார்ந்திருக்கும்போதே அடித்தார். பெயின்ட் உதிர்ந்து அந்தத் தட்டில் வெற்றிலை மேல் விழுந்தது. பிறகு கட்டிலுக்கு அடியிலிருந்து படத்தை எடுத்து மாட்டி, கோணலாக இருக்கிறதா என்று தள்ளி நின்று பார்த்தார். அதற்கப்புறம்தான் திரும்பி, "போயிட்டு வாங்க தம்பி" என்றார், கும்பிட்டார். இரண்டு பேரும் எழுந்து போனார்கள். அந்தச் சங்கிலியை மறந்து வைத்துவிட்டார்கள், புரோக்கர் கையில் கொடுத்தனுப்பிவிட்டேன்.

இனி வீடு இப்படியேதான் இருக்கும், வருகிறவர்கள் படத்தையும் சிலுவையையும் பார்க்கட்டும், பிளாக்கியையும் பார்க்கட்டும், மினி சோபாவில் தூங்குவதையும் பார்க்கட்டும். இதையெல்லாம் பார்த்துவிட்டு உட்கார்ந்து ஒரு வாய் காப்பி குடிக்கிறவர் வந்தால் விற்போம். வராவிட்டால் இங்கேயே கிடப்போம். உன் அப்பா மாடி அறைக்குப் பதில் கீழ் அறையில் படுத்துக்கொள்கிறேன் என்கிறார்.

நீ கோபித்துக்கொண்டு போன் செய்வாய் என்று தெரியும். ஃப்ளாட்டில் நாயை விட மாட்டார்கள், அசோசியேஷனில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், ஆட்கள் கேள்வி கேட்பார்கள் என்று சொல்வாய். போன மாதமே சொன்னாய். போகட்டும். எனக்கு ஒரே ஒரு காரியம் செய். அசோசியேஷனின் அடுத்த கூட்டத்துக்கு நீ போகும்போது, உன் பெற்றோர் வந்து தங்கப்போகிறார்கள் என்று எழுந்து நின்று சொல். நாங்கள் எந்த ஊர், ஊரில் எந்தப் பக்கம், என் அம்மா என்ன வேலை செய்தாள், நாங்கள் எந்தக் கோயிலுக்குப் போகிறவர்கள், எல்லாவற்றையும் சொல். அப்புறம் அவர்களிடம் கேள், அங்கே இடமில்லாதது நாய்க்கு மட்டும்தானா என்று. உன்னால் அதைக் கேட்க முடிந்தால் எழுது, நாங்கள் வருகிறோம்.

உன் அம்மா